இரவல் நகைக்குப் பரிசு உண்டா?

7 மே 2025, மாலை

கட்டபெட்டு வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன் (விசிறிப் புனைவு என்றால் ஃபேன் ஃபிக்ஷன், அடுத்தவர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதை):

"கோத்தகிரியில் நீங்கள் நடத்திய சிறுகதைப் போட்டியில் ஒரு கதையை 'இது விசிறிப் புனைவு' என்று ஒதுக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த நகைக்கே பரிசு கேட்டால்? பாத்திரம் அடுத்தவருடையது, ஊர் அடுத்தவருடையது, கதையும் பாதி அடுத்தவருடையது. இந்த மாதிரி எழுத்துக்கு எந்த இலக்கிய விருதும் கிடையாது என்று எல்லோரும் விதியாகவே எழுதி வைத்துவிட்டால் என்ன?"

7 மே, இரவு

நடுவர் மூன்று பேரில் நான் ஒருவன். மற்ற இருவர் கூடலூர் டீச்சரும் அருவங்காடு அண்ணனும். அந்தக் கதையை ஒதுக்கிவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். ஆகவே கட்டபெட்டுக்காரர் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை.

வந்தவை மொத்தம் பதினேழு கதைகள். பரிசு மூவாயிரம் ரூபாயும் ஒரு சால்வையும். ஒதுக்கிய கதை ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலை எடுத்துக்கொண்டு, அது முடிந்த இடத்திலிருந்து இன்னும் அரை நூற்றாண்டு தள்ளிப் போகிறது. நாவலின் நாயகன் ஜோகி வளர்ந்த அதே ஹட்டி, அதாவது படுகர் ஊர், அந்தக் குடும்பத்தின் பேத்தி, 2018இல் குறிஞ்சி பூத்த மாதம். எழுதியது ஒரு படுகப் பெண், கல்லூரி முடித்து இரண்டு வருஷம் இருக்கும். எழுத்து நன்றாகவே இருந்தது. ஆனால் நன்றாக இருப்பது வேறு, சொந்தமாக இருப்பது வேறு. போட்டி விதியில் 'சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும்' என்று போட்டிருந்தோம்.

'விசிறிப் புனைவு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. விசிறிக்கு வேலையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறோம். பிள்ளைகள் ஃபேன் ஃபிக்ஷனைச் சுருக்கி 'எஃப்.எஃப்.' என்கிறார்கள்.

8 மே

காலையில் டீச்சர் போன் செய்தார். "சார், இந்த வாரம் புலிட்சர் யாருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வைத்துவிட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் புலிட்சர் விருதில் இந்த வருஷத்து நாவல் எது என்று திங்கள்கிழமை அறிவித்திருக்கிறார்கள். பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்'. மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின்னோடு தெப்பத்தில் போகும் அடிமை ஜிம்மை எடுத்து, அதே கதையை அவன் வாயால் சொல்ல வைத்த நாவல். போன நவம்பரில் இதே புத்தகத்துக்குத்தான் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதும் போனது.

சரி, ஒன்று விதிவிலக்காக இருக்கட்டும் என்று பார்த்தால் 2023இல் பார்பரா கிங்சால்வர். டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டை அப்பலாச்சிய மலைப் பக்கம் கொண்டுபோய் வைத்த 'டீமன் காப்பர்ஹெட்'. அதற்கும் புலிட்சர். 2006இல் ஜெரால்டின் புரூக்ஸ்: 'லிட்டில் விமன்' கதையில் போருக்குப் போய்விட்டு வரும் அப்பா என்ன செய்தார் என்று ஒரு நாவல். அதற்கும் புலிட்சர். 1992இல் லியர் அரசனை அயோவா சோள வயலுக்கு இறக்கிய ஜேன் ஸ்மைலி. அதற்கும்.

கட்டபெட்டுக்காரரே, நீங்கள் கேட்ட விதியை எழுதினால் இந்த நாலு பேரும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

8 மே, இன்னும் கொஞ்சம்

"அதெல்லாம் மறுகூறல், விசிறிப் புனைவு இல்லை" என்று கட்டபெட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அது புத்தகமாக வந்தது" என்கிறார். இது ஒரு பதில் என்றா நினைக்கிறீர்கள்? நானும் நேற்று வரை இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் ரொம்பச் சத்தம் போட முடியவில்லை.

11 மே

ஞாயிறு. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி முடிந்த பிறகும் ஊரில் கார் நிறுத்த இடமில்லை. இ-பாஸ் எடுத்துத்தான் மேலே வர வேண்டும் என்று ஆன பிறகும் இந்தக் கூட்டம். மார்க்கெட்டுக்குப் போகவில்லை, வீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன்.

டீச்சரின் மகள் சொன்ன விஷயம் ஒன்று. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்று ஒரு வலைத்தளம். லட்சக்கணக்கில் ரசிகர்கள் எழுதிய கதைகள், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, நடத்துகிறவர்களும் தன்னார்வலர்கள். 2019இல் அறிவியல் புனைவுக்காரர்களின் ஹியூகோ விருது, 'தொடர்புடைய படைப்பு' என்ற பிரிவில், அந்தத் தளத்துக்கே போனது. டப்ளினில் நடந்த மாநாடு. மறுநாளே அங்கே கதை எழுதியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் 'நானும் ஹியூகோ வாங்கியவள்' என்று போட ஆரம்பித்துவிட்டார்கள். பாதிக்கு மேல் விளையாட்டு. விருதுக்காரர்களுக்கு அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. விருது தளத்துக்கு, கதைகளுக்கு இல்லை, கதை எழுதியவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அறிக்கை விட்டார்கள்.

எனக்கு இது எங்கள் ஏரியா விஷயம் மாதிரிதான் பட்டது. ஏலத்தில் எங்கள் ஃபேக்டரித் தூளுக்கு நல்ல விலை வந்தால் போர்டில் எழுதிப் போடுவோம். இலை கொண்டுவந்து போடும் முந்நூறு பேர் பெயர் அதில் இருக்காது.

(நான் தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிற இடத்தில் இருக்கிறேன் என்பது தெரியாதவர்களுக்கு. முப்பது வருஷம்.)

14 மே

மூன்று நாளாக மண்டைக்குள் ஓடுவதை எழுதிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரனை விடுங்கள். நம் வீட்டைப் பார்ப்போம்.

சாகித்திய அகாதமி தமிழுக்கு விருது கொடுக்க ஆரம்பித்த புதிதில், 1956இல், ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' வாங்கியது. அது ராமாயணம். ராஜாஜி ராமனை உண்டாக்கவில்லை. 1969இல் பாரதிதாசனின் 'பிசிராந்தையார்' நாடகம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் புறநானூற்றில் வடக்கிருந்தவர்கள். மராத்தியில் காண்டேகரின் 'யயாதி'க்கு 1974இல் ஞானபீடமே கொடுத்தார்கள். காண்டேகரைக் கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் எழுத்தாளர் மாதிரியே படித்த தலைமுறை நம்முடையது. யயாதி மகாபாரதத்து ஆள் என்று அன்றைக்கு யாரும் மார்க்கைக் குறைக்கவில்லை.

இதற்கெல்லாம் தாத்தா கம்பன். பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனை மாதிரி நானும் கிளம்பிவிட்டேன் என்கிறார் அவையடக்கத்தில். அந்தப் பாட்டில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் சொல் ஒன்று இருக்கிறது. 'ஆசை பற்றி அறையலுற்றேன்.' ஆசையால் சொல்ல வந்தேன். வலைத்தளத்தில் பதினாறு வயதுப் பிள்ளை கதைக்கு மேலே 'இந்த கேரக்டர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தப்பா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க' என்று போடுகிறதே, அதேதான். கம்பன் அதை யாப்பில் எழுதினார், அவ்வளவுதான்.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943. கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்க வைத்தான் ராமன் என்று சீதை வாயாலேயே கேட்டு, மறுபடி கல்லாகிப் போகிறாள். கதைக்கு மேலே ஒரு குறிப்பு வைத்தார்: ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்கிற மாதிரி. கம்பன் மன்னிப்புக் கேட்டார், பித்தன் கேட்கவில்லை. இரண்டு வகை ஆட்களும் இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியாக ஜெயகாந்தன். இவர் கதை இன்னும் வேடிக்கை. 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் மழைநாளில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே சண்டை போட்டது. பிறகு அவரே 'அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்?' என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அந்த நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் வருகிறார், அந்தப் பழைய சிறுகதையை எழுதியவர் அவர், அதை நாயகி கங்கா படிக்கிறாள். 1972இல் சாகித்திய அகாதமி. தன் கதைக்குத் தானே விசிறி வீசிக்கொண்டவருக்கு விருது கொடுத்திருக்கிறோம். 'இப்படி நடந்திருந்தால்' என்று பிரித்து எழுதுவதற்கு எஃப்.எஃப். பிள்ளைகள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், மாற்று உலகம் என்று.

ஆகவே விதி எழுதுவது என்றால் கம்பனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

15 மே

திருத்தம். ராஜாஜிக்கு 1958. 1956 கல்கியின் 'அலை ஓசை'. அருவங்காடு அண்ணன் பிடித்தார். "வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பாத்தவன், நம்பர் தப்பா இருந்தா தூக்கம் வராது" என்கிறார்.

16 மே

கட்டபெட்டுக்காரரின் பதில் இந்தத் தடவை கனமாகவே இருந்தது. "இதிகாசம் ஊர்ச் சொத்து. கிணற்றில் யாரும் மொண்டுகொள்ளலாம். ராஜம் கிருஷ்ணனின் நாவல் ஒருத்தர் வீட்டுக் குடத்துத் தண்ணீர்."

நல்ல கேள்வி. தூங்கிவிட்டு வருகிறேன்.

19 மே

தூங்கியது மூன்று நாள். இந்தச் சீசனில் ஃபேக்டரிக்கு இலை வந்து குவிகிறது, எழுத நேரமில்லை.

குடத்துத் தண்ணீருக்கு வருமுன் ஒரு சொந்தக் கதை. 'பொன்னியின் செல்வ'னை நான் முதலில் படித்தபோது பதினேழு வயது. பைண்டு பண்ணிய பழைய கல்கி இதழ்கள், எதிர்வீட்டு அக்கா ஒவ்வொன்றாகத்தான் தருவார். ஐந்தாம் பாகம் முடிந்த அன்று நந்தினி போன திசை எது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. கல்கி முடிவுரையில் வாசகர் கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார், ஆனாலும் எனக்குப் போதவில்லை. நந்தினியை நீலகிரிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நூறு பக்க நோட்டு முழுக்க. குதிரை எந்தப் பாதையில் ஏறியது என்பதற்கே பத்துப் பக்கம். அன்றைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் போகும் பஸ் ரூட்தான் எனக்குத் தெரியும், ஆகவே நந்தினி அதே வளைவுகளில் ஏறினாள். ஒரு வளைவில் அவள் நின்று சமவெளியைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த இடத்தில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. அந்த டீக்கடையைத் தாண்டும்போது இன்னும் நந்தினி ஞாபகம் வரும்.

நோட்டை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் திரும்பியது. உள்ளே சீட்டு: 'சொந்தக் கற்பனையில் எழுதிப் பழகவும்.'

அந்தச் சீட்டு எத்தனை வருஷம் என் சட்டைப் பையில் இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். போட்டி விதியில் 'சொந்தக் கற்பனை' என்ற சொல்லைப் போட்டதும் நான்தான்.

விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார், பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து. அது தொடராக வந்து புத்தகமாகி நூலகத்தில் இருக்கிறது. அவர் பத்திரிகை ஆசிரியர், நான் பதினொன்றாம் வகுப்பு. வித்தியாசம் அது மட்டும் என்று சொல்ல மாட்டேன். அவர் என்னைவிட நன்றாக எழுதினார். என் நந்தினி நாலு பக்கத்துக்கு ஒருதரம் அழுவாள்.

24 மே

சட்டத்தைப் பார்த்துவிடுவோம், சீக்கிரம்.

நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் வரை காப்புரிமை. தழுவி எழுதும் உரிமையும் அதில் அடக்கம். ஆகவே குடத்துத் தண்ணீர் வாதம் சட்டப்படி சரி, பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு. ஆனால் தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்று ஒன்று இருக்கிறது, ஓர் எழுத்தாளரின் எழுத்தை அரசாங்கமே எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுவது. கல்கி நாட்டுடைமையாகிக் கால் நூற்றாண்டு ஆகிறது. அப்புறம், கட்டபெட்டுக்காரரே, ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் 2009இல் நாட்டுடைமை ஆயின. அவர் உயிரோடு இருந்தபோதே. 2014இல்தான் காலமானார். நீங்கள் சொன்ன குடத்தை அரசாங்கமே கிணற்றில் ஊற்றிவிட்டது.

இதனால் பரிசு கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. அனுமதி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, கதை நன்றாக இருக்கிறதா என்பது வேறு. நாங்கள் ஒதுக்கியபோது யாரும் முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஒரு மாதிரி வெட்கம்தான் காரணம். 'எஃப்.எஃப்.புக்குப் பரிசு கொடுத்தார்கள்' என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்?

26 மே

மருமகள் போனில் படிப்பதை எட்டிப் பார்த்தேன். டி.வி. சீரியல் ஜோடியை வைத்து யாரோ எழுதுகிறார்கள், எண்பத்து நாலாவது பகுதி. அவன் முறைக்கிறான், அவள் கதவோரம் நிற்கிறாள். எண்பத்து மூன்றிலும் அதேதானாம். "அதுதாங்க மாமா வேணும், அவங்க பேசிட்டா கதை முடிஞ்சிடும்ல" என்றாள்.

இதற்குப் பரிசு கொடுப்பேனா? மாட்டேன். எஃப்.எஃப். என்பதால் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு வந்த பதினேழு கதைகளில் 'சொந்தக் கற்பனை' என்று வந்தவற்றில் ஆறேழு இதைவிட மோசம். அவற்றில் ஆசைகூட இல்லை. ஊட்டியில் ஹனிமூன், பனி, ஒரு விபத்து.

ஒன்றுக்கு மட்டும் விதி வேண்டும் என்பேன். உயிரோடு இருக்கும் நடிகர் நடிகையின் சொந்தப் பெயரை வைத்துக் காதல் கதை எழுதுவது. அது பாத்திரம் இல்லை, ஆள். அதைப் போட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. இதில் கட்டபெட்டுக்காரர் என்னோடு கை குலுக்கினார்.

2 ஜூன்

ஒன்றைச் சொல்லாமல் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் 'குறிஞ்சித் தேன்' படித்ததில்லை.

பெயர் தெரியும். குறிஞ்சி, படுகர், ஜோகி என்று அட்டையிலும் அங்கங்கே கட்டுரைகளிலும் பார்த்ததுதான். கூட்டத்தில் மற்ற இருவரும் அதைப் பற்றிப் பேசியபோது தலையாட்டினேன். அந்தப் பெண்ணின் கதையைப் படித்தபோது எனக்குப் பாதி பிடிபடவில்லை. யார் இந்தக் கிழவி, எதற்கு இந்தக் கோபம்? புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. 'அசலைப் படிக்காதவனுக்கும் கதை நிற்க வேண்டும், இது நிற்கவில்லை' என்று சொன்னேன். கேட்கப் பெரிய கொள்கை மாதிரி இருந்தது. அந்த 'படிக்காதவன்' நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

மழைநாளில் இலை வரும்போது ஈரத்துக்கு என்று எடையில் கழிப்போம். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்து, நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வோம். கொண்டுவந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு அந்தக் கதைக்கு நான் போட்டது அந்த மாதிரி ஒரு கழிவு.

நூலகத்திலிருந்து நாவலை எடுத்துவந்துவிட்டேன். அறுபதுகளில் வந்த புத்தகம், எனக்குக் கிடைத்தது பின்னால் வந்த பதிப்பு.

5 ஜூன்

பாதி தாண்டிவிட்டேன். ராகியும் சாமையும் விளைந்த நிலத்தில் தேயிலை வந்து உட்காருகிறது. நான் எடை போடும் இலையின் முன்கதை. முப்பது வருஷமாக இந்தப் புத்தகம் நாலு கிலோமீட்டர் தூரத்தில் அலமாரியில் இருந்திருக்கிறது.

9 ஜூன்

அருவங்காடு அண்ணன் நேரில் வந்தார். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ரொம்பத் திட்டவில்லை. ஆனால் தன் கட்சியை விடவும் இல்லை. அவர் சொன்னதைச் சுருக்கிப் போடுகிறேன், நான் எழுதியதிலேயே இதுதான் பலமான எதிர்வாதம் என்பதால்:

"நீ அசலைப் படிச்சதுக்கப்புறம் அந்தக் கதை உனக்குப் பிடிச்சா, அந்தப் பிடிப்புல எவ்வளவு அந்தப் பொண்ணுக்குச் சேரும், எவ்வளவு ராஜம் கிருஷ்ணனுக்குச் சேரும்? அவ்வளவு பெரிய நாவல் உன் மனசுல ஏத்தி வெச்ச பாரத்தை இந்தப் பொண்ணு இருபது பக்கத்துல இறக்கிக்கிறா. மத்த பதினாறு பேரும் வெறுங்கையோட வந்தாங்க. அவங்களுக்கு இது நியாயமா?"

என்னிடம் உடனே பதில் இல்லை. தேயிலையை வைத்து ஒன்று சொல்லப் பார்த்தேன். நாலு நாலரை கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள், இலை விவசாயியுடையது, தூள் ஃபேக்டரியுடையது, ஏலத்தில் ருசி பார்ப்பவர் தூளைத்தான் பார்ப்பார் என்று. அண்ணன் சிரித்தார். "இலைக்குக் காசு குடுக்குறீங்கல்ல?" உவமையை வாபஸ் வாங்கினேன்.

ராத்திரி படுத்தபோது தோன்றியது. 'சாபவிமோசனம்' இருக்கிறதே, ராமாயணமே தெரியாத ஆளிடம் அதைக் கொடுத்தால்? ஒரு பெண் இன்னொரு பெண் சொன்னதைக் கேட்டுக் கல்லாகிறாள். என்ன பிரமாதம்? ராமன் மேல் இரண்டாயிரம் வருஷமாக ஏற்றி வைத்த மரியாதை இருப்பதால்தான் அந்தக் கடைசி வரி குத்துகிறது. புதுமைப்பித்தனும் பாரத்தை இறக்கித்தான் கொண்டார். அவரிடம் யாரும் 'அசல் தெரியாதவனுக்கு நிற்குமா' என்று கேட்பதில்லை. ராமாயணம் தெரியாவிட்டால் அது வாசகன் குறை. குறிஞ்சித் தேன் தெரியாவிட்டால் மட்டும் எழுதியவள் குறையா? மலையிலேயே இருந்துகொண்டு?

மற்ற பதினாறு பேர் வெறுங்கையோடு வந்தார்கள் என்பதும் சந்தேகம்தான். ஹனிமூன், பனி, விபத்து யார் வீட்டு நகை? யார் கொடுத்தது என்று சொல்லாத இரவல்.

10 ஜூன்

அண்ணன் ஒரே வரி அனுப்பியிருக்கிறார்: "புதுமைப்பித்தன்கூட கோத்தகிரிப் போட்டிக்கு அனுப்பல."

17 ஜூன்

பயங்கரக் காற்று. நேற்றிரவு முழுக்க கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாவலை முடித்தேன், காலையில் அந்தப் பெண்ணின் கதையை மறுபடி எடுத்தேன். கையெழுத்துப் பிரதி, கோடு போட்ட தாள், பச்சை மையில் பக்க எண். பத்து, அடுத்து பன்னிரண்டு.

பதினொன்று இல்லை.

மற்ற இருவரும் படித்தது ஜெராக்ஸ், அதில் இருந்திருக்கும். அசல் பிரதி என்னிடம்தான் வந்தது. மார்ச்சில் எடை மேடையில் உட்கார்ந்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படித்தேன். எங்கே போயிருக்கும்?

18 ஜூன்

கிடைத்துவிட்டது. மார்ச் மாத எடைப் புத்தகத்துக்குள். பாதியில் எழுந்து போகும்போது விட்ட இடம் தெரியட்டும் என்று அந்தத் தாளையே உருவி அங்கே செருகியிருக்கிறேன். பிறகு வந்து பன்னிரண்டிலிருந்து படித்திருக்கிறேன். ஓர் ஓரத்தில் இலைச் சாறு பட்டுப் பழுப்புக் கறை.

நடுவர். சால்வை. கொள்கை.

20 ஜூன்

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று டீச்சர் எழுதச் சொன்னார். அவரிடம் இருந்த ஜெராக்ஸிலும் அந்தப் பக்கம் மங்கலாம். கதைக்காரியிடம் கேட்டேன், சொல்லலாம் என்றாள், ஆனால் வரிகளைப் போட வேண்டாம் என்றாள். என் வார்த்தையில் சொல்கிறேன்.

பேத்தி கிழவியை, அவர்கள் மொழியில் ஹெத்தெயை, ஒரு பிக்கப் வண்டியில் குறிஞ்சி பூத்த சரிவுக்குக் கூட்டிப் போகிறாள். சரிவெல்லாம் செல்ஃபி கூட்டம். பூப் பறித்த ஒருவனை வனக்காவலர் விரட்டிக்கொண்டிருக்கிறார். நுழைகிற இடத்தில் வயது கேட்கிறார்கள், முதியவர்களுக்குக் கட்டணம் இல்லையாம். ஆதாரில் ஜனவரி 1, 1940 என்று இருக்கிறது. எங்கள் பக்கத்து முதியவர்கள் நிறையப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். கிழவி அட்டையைப் பார்க்காமல் விரலை மடக்குகிறாள். பிறந்த வருஷத்துப் பூவோடு இது எட்டாவது பூ என்கிறாள். காவலர் கணக்குப் போடத் தெரியாமல் நிற்கிறார். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கும். எட்டில் ஒன்று போக ஏழு, ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு. அட்டை ஆறு வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

இது பக்கத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதிதான் விஷயம். பூ நடுவில் உட்கார்ந்ததும் கிழவி சொல்கிறாள். ரொம்ப நாள் முன்னால், வாலிப வயதில், நோட்டுப் புத்தகத்தோடு ஓர் அம்மா ஹட்டிக்கு வந்தார், நல்ல மாதிரி, பொறுமையாகக் கேட்டார், நாங்களும் சொன்னோம். அவர் கேட்டதையெல்லாம் சொன்னோம். கேட்காதது ஒன்று இருந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து இருபது வரை அந்தக் கேட்காத ஒன்றுதான்.

பதினொன்று இல்லாமல் படித்தபோது எனக்கு அது ஏதோ ஒரு கிழவியின் புலம்பலாகத் தெரிந்தது. நாவலுக்குள்ளிருந்து நாவலாசிரியருக்கு எழுதிய பதில் என்று தெரியவில்லை. ஜெயகாந்தன் தன் கதைக்குள் கதாசிரியரைக் கொண்டுவந்து உட்கார வைத்ததை மே 14இல் மெச்சினேன். அதே வேலையைச் செய்தவளின் தாளை எடைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மெச்சியிருக்கிறேன்.

ராஜம் கிருஷ்ணன் மேல் இதில் குறை ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து, கூடவே இருந்து, கேட்டு எழுதியவர். அவர் அவ்வளவு எழுதியதால்தான் விட்டுப்போனது எது என்று இவளால் சொல்ல முடிகிறது. கதையிலும் கிழவி அந்த அம்மாவைத் திட்டவில்லை. குளிருமே என்று தன் போர்வையைக் கொடுத்ததாகத்தான் வருகிறது.

21 ஜூன்

கட்டபெட்டுக்காரர்: "சரி, கதை நல்ல கதையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'இன்னாருடைய நாவலை ஒட்டி எழுதியது' என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டுமா இல்லையா?"

சொல்லத்தான் வேண்டும். சொல்லியிருந்தாள், முதல் பக்கத்தில் முதல் வரியாக. அதைப் பார்த்ததும்தான் நான் பேனாவை மூடினேன். மறைத்திருந்தால் பரிசு வாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன், அண்ணனைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

29 ஜூன்

மூன்று பேரும் டீச்சர் வீட்டில் உட்கார்ந்தோம். பரிசு ஏப்ரலிலேயே கொடுத்தாகிவிட்டது, திருப்பி வாங்குவது அசிங்கம். வாங்கிய கதையும் மோசமில்லை. அடுத்த வருஷ விதியில் 'சொந்தக் கற்பனை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'வேறொரு படைப்பைச் சார்ந்திருந்தால் முதல் பக்கத்தில் குறிப்பிடவும், காப்புரிமை உள்ளதென்றால் அனுமதிக் கடிதம் வைக்கவும்' என்று போட்டிருக்கிறோம். நடிகர் விதியும் உண்டு. அண்ணன் 'சார்ந்த கதைகளுக்குத் தனிப் பரிசு' என்றார், மொழிபெயர்ப்புக்கு அகாதமி தனியாக வைத்திருக்கிற மாதிரி. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "தனிப் பந்தியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை, வடையை எடுத்துக்கொண்டார்.

நடுவர்கள் சார்ந்த படைப்பைப் படித்திருக்க வேண்டும் என்று நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சேர்த்தாயிற்று.

6 ஜூலை

பிரதியைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிறு என்பதால் பஸ் ஏறி ஹட்டிக்கே போனேன். தூறல். அந்தப் பெண் வீட்டு வாசலில் இருந்தாள். அவள் அப்பா எங்களுக்கு இலை போடுகிறவர்தான், முகம் தெரிந்தவர். போன வாரம்கூட நூற்றுக்குப் பத்து கழித்திருக்கிறேன், அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இருபது தாளையும் எண்ணிக் கொடுத்தேன். பதினொன்றில் கறையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார், டைப் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள்.

உள்ளேயிருந்து வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிய ஒரு பாட்டி எட்டிப் பார்த்து அவளிடம் படுகு மொழியில் ஏதோ கேட்டார். என்ன என்று கேட்டேன். "எழுதிக்க வந்திருக்காரான்னு கேக்கிறாங்க."

இல்லை, திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாளா தெரியாது, பாட்டி சிரித்தார்.

டீ கொடுத்தார்கள். எங்கள் ஃபேக்டரித் தூள். ஃபேக்டரியில் உலர்த்தும் அடுப்பில் சூடு கொஞ்சம் கூடிப்போன வாரத்துச் சரக்கு, ஒரு வாய் குடித்ததுமே தெரிந்தது.